ஃபேன்டமுக்குள் ரெசின்: வருடக்கணக்கில் பழகிய பிறகு

1/48 அளவில் எஃப்-4 ஃபேன்டம் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடலைக் கட்டத் தொடங்கும் யாருக்கும் சீக்கிரமே வரும் கேள்வி, கிட்டில் (மாடலின் பாகங்கள் வரும் பெட்டி) இருப்பவற்றுக்குப் பதிலாகத் தனியாக விற்கும் ரெசின் செட் வாங்கலாமா என்பதுதான். பல வருடங்களாக ஃபேன்டமும் மற்ற ஜெட்களுமாக ரெசினோடு புழங்கியிருக்கிறேன். கட்டி முடித்து அலமாரியில் வைத்த மாடல்கள் எப்படி வயதாகின்றன என்றும் கவனித்து வந்திருக்கிறேன். என் பதில் இதுதான்: சீட், எக்ஸாஸ்ட் (எஞ்சினின் புகை வெளியேறும் பின்முனை), சக்கரம் மூன்றையும் தயங்காமல் வாங்குங்கள். முழு காக்பிட் செட் வேண்டுமா என்பதைக் கிட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வீல் பே (சக்கரம் மடங்கி உள்ளே போகும் குழி) செட்டுகளை நான் வாங்குவதை விட்டுவிட்டேன்.

ஏன் ரெசின் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்துவார்கள். இறுகியதும் பாகம் அச்சிலிருந்து நேராகக் கழன்று வர வேண்டும் என்பதால் உள்பக்கமாக வளைந்து ஒளியும் வடிவங்களை அதில் கொண்டுவருவது கடினம். ரெசின் பாலியூரித்தேன்; சிலிகான் ரப்பர் அச்சில் ஊற்றி எடுப்பது. சிலிகான் வளைந்து கொடுக்கும் என்பதால்தான் சீட் பெல்ட்டின் மடிப்பும், அதன் கீழே விழும் இடைவெளியும்கூடக் கிடைக்கின்றன. குறைகளுக்கும் அதே சிலிகான்தான் காரணம். அச்சு சீக்கிரம் தேயும். ரெசின் இறுகும்போது ஒரு துளி சுருங்கும். ஊற்றும்போது காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும்.

சீட்டிலிருந்து தொடங்கலாம், காசுக்கு அதிகம் திருப்பித் தருவது அதுதான். ஃபேன்டமில் பெரும்பாலும் இருப்பது மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்தின் மார்க் 7, ஆபத்தில் விமானியோடு வெளியே பாயும் சீட். தலைக்கு மேலே மஞ்சள் கறுப்புப் பட்டையோடு நிற்கும் இரண்டு வளையங்களை இழுத்தால் முகத்திரை இறங்கி சீட் வெளியே பாயும். கிட் சீட்டில் அந்த வளையங்கள் பெரும்பாலும் தடித்த கம்பிகளாகத்தான் இருக்கும். பெல்ட்டுகள் டெக்கலாக (ஒட்டும் படமாக) வரும் அல்லது வரவே வராது. ரெசின் சீட்டில் குஷனின் சுருக்கம், பெல்ட் பக்கிள், பின்பக்கக் குழாய்கள் எல்லாம் ஒரே வார்ப்பில் வந்துவிடுகின்றன. கறுப்பு ப்ரைமர், மேலே கொஞ்சம் வெளுத்த நிறத்தில் ட்ரை பிரஷ் (கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் தடவுவது), ஒரு ஆயில் வாஷ் (பள்ளங்களில் இறங்கும் நீர்த்த எண்ணெய் வண்ணம்), அவ்வளவுதான் வேலை. கனோப்பி (காக்பிட்டை மூடும் கண்ணாடிக் கூடு) திறந்து வைத்த மாடலில் பார்ப்பவர் கண் முதலில் போய் நிற்பது இந்த இரண்டு சீட்டுகளில்தான். ஒன்று மட்டும் செய்யுங்கள். சீட்டை ஒட்டுவதற்கு முன்பே கனோப்பியை மூடிப் பாருங்கள். காக்பிட் தரை அரை மில்லிமீட்டர் தடித்திருந்தாலும் சீட்டின் தலை கண்ணாடியில் முட்டும். 1/48 கணக்கில் அரை மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 24 மில்லிமீட்டர்.

எக்ஸாஸ்ட் வாங்கும்போது பெட்டியில் 'எஃப்-4' என்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஃபேன்டமின் ஜே79 எஞ்சினுக்கு இரண்டு வகை நாசில் (எக்ஸாஸ்ட் முனை) உண்டு. எஃப்-4பி, சி, டி வகை விமானங்களுக்கு குட்டை நாசில். எஃப்-4ஜே, ஈ போன்ற பிந்தையவற்றுக்கு நீளமானது. பிரிட்டிஷ் ஃபேன்டம்களில் இருப்பது ரோல்ஸ்-ராய்ஸ் ஸ்பே, அதன் வால் பகுதியே வேறு. சக்கரத்திலும் இதே கதை. எஃப்-4பியின் பிரதான சக்கரங்கள் ஒல்லியானவை. எஃப்-4சியிலிருந்து அகலமான டயர் வந்தது; அதை உள்ளே அடக்கத்தான் இறக்கையின் மேற்பரப்பில், உடலை ஒட்டி, ஒரு புடைப்பு வைத்தார்கள். கிட்டின் இறக்கையில் புடைப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற சக்கரத்தை வாங்க வேண்டும். ரெசின் டயரில் நடுவே ஒட்டுக் கோடு இல்லை, தரையில் அழுந்திய தட்டைப்பகுதியும் வார்ப்பிலேயே இருக்கிறது. அந்தத் தட்டை சரியாகத் தரையைப் பார்க்கும்படி ஒட்டுவதற்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

காக்பிட் செட்டுக்கு வருகிறேன். செலவும் உழைப்பும் அதிகம் கேட்பது இதுதான், விட்டால் மனசு கேட்காததும் இதுதான்.

கிட்டின் உடல் பாதிகள் ஒன்றரை மில்லிமீட்டர்வரை தடித்திருக்கும். ரெசின் தொட்டியும் (காக்பிட்டின் தரைப்பகுதி) பக்கச் சுவர்களும் அந்தத் தடிமனுக்கு உள்ளே போய் உட்கார வேண்டும், வேறு இடம் கிடையாது. ஆகவே கிட்டின் உட்சுவரைத் தேய்த்து மெல்லியதாக்குவதே முதல் வேலை. சிறிய மோட்டார் டூலை மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி டூலின் முனையில் சுற்றிக்கொள்ளும். எவ்வளவு தேய்ப்பது என்பதற்கு அளவுகோலைவிட விளக்குதான் நல்ல துணை. உடல் பாதியை மேஜை விளக்குக்கு எதிரே பிடித்தால், தடித்த இடம் இருட்டாகவும் மெலிந்த இடம் மங்கலாக ஒளி கசிந்தும் தெரியும். சுவர் முழுக்க ஒரே சீராக ஒளி வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் வெளிப்பக்கப் பேனல் கோடு ஓட்டையாகிவிடும்.

தரைக்கும் இதே முறைதான். ஃபேன்டமில் காக்பிட்டுக்குக் கீழே மூக்குச் சக்கரத்தின் குழி இருக்கிறது. தொட்டியின் அடியும் குழியின் கூரையும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. நீரில் நனைத்த உப்புத்தாளைக் கண்ணாடிப் பலகை மேல் விரித்து, தொட்டியை எட்டு எழுதுவது போல் தேய்த்தால் அடி சமமாகக் குறையும். நடுநடுவே உடலை டேப்பால் மூடிப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று தெரியாவிட்டால், ரெசினின் மேடான இடங்களில் மார்க்கர் மை தடவி, காய்வதற்குள் உள்ளே வைத்து எடுங்கள். கிட் சுவரில் மை ஒட்டிய இடம்தான் இடிக்கிற இடம். அங்கே மட்டும் சுரண்டுங்கள். வேகமாக முடிக்க ஆசைப்பட்டு உடல் பாதிகளை அழுத்தி ஒட்டி வைத்தால் அன்றைக்குச் சேர்ந்துவிடும். மேல்பக்க ஒட்டு உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்திலேயே கிடக்கும். சில மாதங்கள் கழித்து வண்ணத்துக்குக் கீழே மயிரிழைக் கோடாகத் தலைகாட்டும். முன்கண்ணாடியும் அகன்றுபோன உடலில் சரியாக உட்காராது.

இவ்வளவு பாடு தகுமா என்றால், 1980களில் வந்த ஹசேகாவா 1/48 ஃபேன்டம் போன்ற கிட்டுக்கு நிச்சயம் தகும். வெளிவடிவம் இன்றைக்கும் அழகு, காக்பிட் அந்தக் காலத்து எளிமை. 2021ல் டமியா கொண்டுவந்த எஃப்-4பிக்கு நான் சீட்டோடு நிறுத்திக்கொள்வேன். கிட்டில் வருகிற கன்சோலே (விமானியின் பக்கவாட்டு சுவிட்ச் பலகை) கூர்மையாக இருக்கும்போது சுவரைத் தேய்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வீல் பே செட்டில் உழைப்பு காக்பிட்டைப் போலத்தான், ஆனால் மாடலைத் தலைகீழாகத் தூக்கினால் ஒழிய யாரும் பார்க்கப் போவதில்லை. இறக்கையின் அடிப்பகுதியை அறுத்து பலவீனமாக்குவது வேறு.

எந்தப் பாகமானாலும் தயாரிப்பு வேலை ஒன்றுதான். பாகத்தோடு சேர்ந்தே வரும் வார்ப்புக் கட்டையை ரேஸர் ரம்பத்தால் அறுக்கும்போது பாகத்தை ஒட்டி அறுக்காமல் சற்று விலகி அறுத்து, மிச்சத்தை நனைத்த உப்புத்தாளில் தேய்ப்பது நல்லது. ரெசின் தூள் மிக நுண்ணியது, நுரையீரலுக்கு ஆகாது. நீரில் நனைத்தே தேய்க்க வேண்டும், அறுக்கும்போது என்95 முகக்கவசம் போட வேண்டும். இதில் எந்தச் சலுகையும் கிடையாது. அச்சிலிருந்து கழற்றப் பூசும் எண்ணெய்ப்பசை பாகத்தின் மேல் ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத்பிரஷும் போட்டுத் தேய்த்துக் கழுவாவிட்டால் மாஸ்கிங் டேப்போடு வண்ணமும் உரிந்து வரும். வளைந்த பாகத்தைச் சூடான நீரில் சில விநாடி முக்கினால் இளகும். நேராக்கிப் பிடித்து உடனே குளிர்ந்த நீரில் விட்டால் அப்படியே நிற்கும். குமிழி ஓட்டைகளுக்கு சூப்பர் க்ளூவில் டால்கம் பவுடர் குழைத்து அடைப்பேன். அது கரைப்பான் கலந்த பட்டியைப் போல நாளடைவில் உள்வாங்குவதில்லை. ஆனால் அன்றே தேய்த்துவிட வேண்டும். முழுதாக இறுகினால் பக்கத்துப் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, பிளாஸ்டிக் மட்டும் பள்ளமாகும்.

வருடங்கள் போன பிறகு வித்தியாசம் தெரிவது பசையில்தான். மாடல் சிமென்ட் பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒட்டுவது, ரெசினிடம் அது செல்லாது. சூப்பர் க்ளூ அல்லது எபாக்ஸிதான் வழி. சூப்பர் க்ளூ இழுவையைத் தாங்கும், பக்கவாட்டு அதிர்ச்சியைத் தாங்காது. என் அலமாரியில், சூப்பர் க்ளூவில் நிற்கும் சிறு ரெசின் பாகங்கள் தூசு தட்டும்போது அப்படியே முழுசாகக் கழன்று வந்திருக்கின்றன, பசை கண்ணாடிச் சில்லு போலப் பளபளப்பாகப் பிரிந்திருந்தது. பித்தளைக் கம்பியை ஊசியாகச் செருகி எபாக்ஸி வைத்த எக்ஸாஸ்டும் மூக்கும் ஒன்றுகூட அசையவில்லை. அதனால் இப்போது எடை தாங்கும் எந்த இடத்துக்கும் எபாக்ஸிதான். சூப்பர் க்ளூ கன்சோலுக்கும் பேனலுக்கும். அதன் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படியும் என்பதால் ஓர் இரவு காற்றாட விட்டுத்தான் கனோப்பியை வைக்கிறேன், அதையும் வெள்ளைப் பசையால்.

ரெசினில் வார்த்த லேண்டிங் கியர் கால்களை மட்டும் தொடாதீர்கள். ஒட்டும்போது நேராக நிற்கும். எடை ஏறிய கால் மாதங்கள் போகப் போக மெல்ல வளையும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. ஒரு பக்கம் சாய்ந்த விமானத்தை நிமிர்த்தக் காலை அறுத்து மாற்றுவதைத் தவிர வழியில்லை. உலோகக் கம்பியை உள்ளே வைத்து வார்த்தது என்றால் பரவாயில்லை.

இப்போது ரெசின் பாகங்கள் தயாரிக்கும் எடுவார்ட் நிறுவனம் உட்படப் பலரும் முப்பரிமாண அச்சில் எடுத்த ரெசினுக்கு மாறிவருகிறார்கள். நுணுக்கத்தில் பழைய வார்ப்பு அதன் அருகே வர முடியாது. பெல்ட் பக்கிளின் ஓட்டைக்குள் ஒளி தெரிகிறது. சுருக்கம், குமிழி தொல்லை அநேகமாக இல்லை. ஆனால் இது புற ஊதா ஒளியில் இறுகும் வேறொரு பொருள், நொறுங்கும் தன்மை அதிகம். வளைந்தால் வார்ப்பு ரெசினைப் போலச் சூட்டில் வசமாக நிமிராது. அச்சிடும்போது பாகத்தைத் தாங்கிய குச்சிகளை இழுத்துப் பிடுங்காமல், மிகக் கூர்மையான நிப்பரால் பாகத்திலிருந்து தள்ளி வெட்டி, பிறகு தேய்க்க வேண்டும். வாங்கியதும் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பு இருந்தால் கையுறை போட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, காய்ந்ததும் வெயிலில் சற்று நேரம் வைத்தால் சரியாகிவிடும். சீட்டுக்கு இனி நான் இதைத்தான் எடுப்பேன். நாசிலுக்கும் இதுவே, இதழ்கள் தாள் அளவுக்கு மெலிந்திருக்கின்றன. காக்பிட் தொட்டிக்கு இன்னும் பழைய வார்ப்பே எனக்குக் கைவாகு, அடியைத் தாராளமாகத் தேய்க்க அது இடம் தருகிறது.

உடலை மூடுவதற்கு முன் பாகங்கள் அனைத்தையும் டேப்பால் சேர்த்து, ரெசின் நாசில்களையும் பின்னால் செருகி, பிரதான சக்கரங்கள் வரும் இடத்தில் விரல் வைத்துத் தூக்கிப் பாருங்கள். வால் இறங்கினால், தொட்டிக்கு முன்னால் ரேடார் மூக்குக்குள் ஈயக் குண்டுகளை எபாக்ஸியில் பதித்துவிடுங்கள். மூடிய பிறகு அந்த இடத்துக்குக் கை போகாது.