வறண்ட சருமத்துக்குக் கொரிய சன்ஸ்கிரீன்: மூன்றில் எது?

வியர்த்து வழிகிற சிங்கப்பூரில் சருமம் வறண்டுபோகிறது என்றால் ஊரில் இருக்கும் உறவினர்கள் சிரிப்பார்கள். ஆனால் காலையில் எம்.ஆர்.டி. ஏறியதிலிருந்து மாலை வீடு திரும்பும்வரை குளிர்சாதனக் காற்றிலேயே இருப்பவருக்கு மூக்கோரம் செதில் உதிர்வதில் வியப்பில்லை. வெயில் படுவது மதியச் சாப்பாட்டுக்கு உணவங்காடிக்கு நடக்கும்போதுதான். அதுவோ மோசமான வேளை. நம் கடிகாரம் சூரியனை முந்தி ஓடுவதால் இங்கே உச்சிவெயில் 1 மணியளவில்தான் வருகிறது. தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிடும் புற ஊதாக் குறியீடு, மேகமில்லாத நாளில் அந்நேரத்தில் மிகக் கடுமையான அளவான 11ஐத் தொடுவது இங்கே புதிதல்ல.

ஆக, வறட்சிக்கும் வெயிலுக்கும் சேர்த்து ஒரே குழாயில் பதில் தேட வேண்டும். கடையில் அதிகம் கண்ணில் படும் மூன்றை எடுத்துக்கொள்கிறேன்: பியூட்டி ஆஃப் ஜோசானின் ரிலீஃப் சன், ரவுண்ட் லேபின் பிர்ச் சாறு சன்ஸ்கிரீன், ஸ்கின்1004இன் ஹயாலு-சிக்கா சன் சீரம். மூன்றிலும் எஸ்.பி.எஃப். 50+ (சருமத்தைச் சுடும் யு.வி.பி. கதிருக்கான காப்பு), பி.ஏ.++++ (ஆழமாக இறங்கும் யு.வி.ஏ. கதிருக்கான காப்பு) என்றுதான் அச்சிட்டிருக்கிறது; மூன்றுமே 50 மில்லி. எண்ணைப் பார்த்துத் தேர்வு செய்ய இங்கே ஒன்றுமில்லை. எண்ணை மட்டும் நம்புவதும் சரியல்ல. 2020இன் இறுதியில் பியூரிட்டோ நிறுவனத்தின் 50+ சன்ஸ்கிரீன் ஒன்று தனி ஆய்வகச் சோதனையில் 19ஐ ஒட்டியே தேறியதும், அது விற்பனையிலிருந்து விலக்கப்பட்டதும் நினைவிருக்கலாம்.

வேறுபாடு தெரிவது முகத்தில் பூசிய பிறகுதான். ரிலீஃப் சன் மூன்றிலும் கொழுப்பானது. 30 விழுக்காடு அரிசிச் சாறு, கூடவே நியாசினமைடு எனும் வைட்டமின் பி3 வகை. பூசியதும் முகம் எண்ணெய் வைத்ததுபோல் மினுங்கும். மாய்ஸ்சரைசர் இல்லாமலே சமாளித்துவிடலாம் என்பது இதன் பெரிய சலுகை. ஆனால் வெளியே பத்து நிமிடம் நடந்தால் அந்த மினுக்கம் பிசுக்காகிறது. கண்ணாடி அணிபவருக்கு மூக்குப் பட்டை வழுக்கும். நாள் முழுவதும் குளிரறையிலேயே இருப்பவருக்கு இது பொருந்தும்.

சன் சீரம் அதற்கு நேர் எதிர். தண்ணீராக இறங்கும், இரண்டாம் முறை பூசினாலும் கனக்காது. இதில் இருப்பது வல்லாரைச் சாறு. நாம் துவையலாகச் சாப்பிடுவதைக் கொரியர்கள் முகத்தில் பூசுகிறார்கள், அவ்வளவுதான். உண்மையாகவே செதில் உதிரும் சருமத்துக்கு இது தனியாகப் போதாது. அடியில் மாய்ஸ்சரைசர் கட்டாயம்.

ரவுண்ட் லேப் நடுவில் நிற்கிறது. பிர்ச் மரச் சாறும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஹயலுரோனிக் அமிலமும் சேர்ந்த இளகிய பசை. செதிலின்மேல் திட்டுத்திட்டாக நிற்பதில்லை, உணவங்காடிக்குப் போய் வந்தாலும் வழிவதில்லை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் தேர்வு இதுவே.

துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு கொண்ட தாது வகையைக் கடைக்காரர் 'மென்மையானது' என்று நீட்டுவார். மற்ற வகைகளில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் ரசாயன வடிகட்டிகள் யார் கண்ணை எரிக்கின்றனவோ அவர்களுக்கு அது நல்லதே. ஆனால் நம் நிறத்தில் அது சாம்பல் பூத்து நிற்கும். வறண்ட சருமத்தில் அந்த வெண்மை செதில்களின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டும். அட்டையில் 'டோன் அப்' என்றிருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அது வேண்டுமென்றே வெளுப்புச் சாயம் சேர்த்தது. அதைப் பூசிக்கொண்டு அலுவலகம் வந்த தோழியிடம், "அக்கா, முகத்தில் மாவு பட்டிருக்கிறது" என்று சக ஊழியர் டிஷ்யூ நீட்டினார். முன்கையில் தடவிப் பார்ப்பதால் இது தெரியாது. தாடையோரம் தடவி, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

ஜப்பானிய அனெஸ்ஸா போன்றவை இந்தப் பட்டியலில் ஏன் இல்லை? ஆல்கஹால் சேர்ந்தவை அவை. வறண்ட சருமத்தை இழுத்துப் பிடிக்கும். ஆனால் ஒரு நாளுக்கு அவைதான் சரி. தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடியோடு நடப்பவர்கள் முகத்தில் மேற்சொன்ன ஈரப்பத வகைகள் நெடுநேரம் நிற்காது. வியர்வையோடு கண்ணில் இறங்கி எரிக்கும். நீச்சல் குளத்துக்கும் கடற்கரைக்கும் இதே கதைதான். 'நீர் எதிர்ப்பு' என்று அச்சிட்டதை அந்த நாளுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் அளவில் கஞ்சத்தனம் செய்தால் பயனில்லை. சோதனைக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அந்த 50ஐக் கணக்கிடுகிறார்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முழு நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஏறக்குறைய அந்த அளவு வரும். அப்படிப் பூசினால் 50 மில்லி குழாய் ஒன்றரை மாதத்துக்கு மேல் ஓடாது. நான்கு மாதமாக ஒரே குழாய் வைத்திருப்பவர் பாதுகாப்பின் பெரும்பகுதியைக் குழாயிலேயே விட்டுவைத்திருக்கிறார்.

மாய்ஸ்சரைசர் போட்டவுடனே மேலே தேய்த்தால் திரிதிரியாக உருண்டு வரும். சில நிமிடம் பொறுத்து, இரண்டு தவணையாக, தேய்க்காமல் ஒற்றிப் பூசுங்கள். விபூதியும் குங்குமமும் அது படிந்த பிறகு வைத்தால் நெற்றியில் குழையாது. வெயிலில் நிற்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். சன்னல் இல்லாத அறையில் இருப்பவருக்கு அந்தக் கணக்கு வேண்டாம். மதியம் வெளியே கிளம்புமுன் ஒருமுறை போதும். சன்னலோர இருக்கை என்றால் வேறு விஷயம், யு.வி.ஏ. கதிர் கண்ணாடியைத் தாண்டி வரும்.

இரவில் கழுவும்போதுதான் பலர் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இந்த மூன்றுக்கும் நுரை பொங்கும் முகக்கழுவி தேவையில்லை; மிதமானது ஒன்றே போதும். முகம் 'கிறீச்' என்று ஆகும்வரை தேய்த்தால் மறுநாள் செதிலுக்குச் சன்ஸ்கிரீனைத்தான் குறைசொல்வீர்கள்.