ஓபன்பிஎஸ்டியா, ஹைக்கூவா? கேட்க ஆளில்லாத ஊரிலிருந்து ஓர் ஒப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓபன்பிஎஸ்டி, ஹைக்கூ இரண்டும் விண்டோஸ், லினக்ஸ் போல இயங்குதளங்கள். என் லப்டொப்பில் இப்போது இருப்பது ஓபன்பிஎஸ்டி. ஹைக்கூ ஒரு பென்டிரைவில் இருக்கிறது. இடையில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொன்றையும் இரண்டு கிழமை வைத்திருந்தேன், அதைப் பற்றிப் பெரிதாகப் பேச எனக்குத் தகுதி போதாது.

இயந்திரம் 2011இல் வந்த திங்க்பேட் எக்ஸ்220. நான்கு ஜிபி நினைவகம், 320 ஜிபி பழைய ஹார்ட் டிஸ்க். வீடு திருகோணமலை உப்புவெளியில், கடல் கூப்பிடு தூரம், அதனால் மூடியின் பிணைச்சல் திருகுகளில் துரு ஏறியிருக்கிறது. பற்றறி கால் மணித்தியாலம் தாங்கினால் அதிகம். அந்தப் பற்றறியால்தான் இந்த ஒப்பீடே ஒரு முடிவுக்கு வந்தது. இரவில் சி மொழியில் சின்னச் சின்ன நிரல்கள் எழுதுவேன். அக்காவின் மகன் கணினி படிக்கிறான், பின்னேரங்களில் வந்து பக்கத்தில் இருப்பான்.

வேகம் என்றால் ஹைக்கூ. பொத்தானை அழுத்திவிட்டுத் தேத்தண்ணியை எடுத்து வருவதற்குள் திரை வந்துவிடும். பாதுகாப்பு என்றால் ஓபன்பிஎஸ்டி. இரண்டும் இலவசம், இரண்டும் எக்ஸ்220இல் ஓடும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு இருந்த கேள்வி வேறு: ஏதாவது பிழை வந்தால் யாரைக் கேட்பது? விண்டோஸில் சிக்கல் என்றால் திருகோணமலையில் எந்தக் கடைக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். இந்த இரண்டில் ஒன்றோடு போனால், திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, “விண்டோஸ் அடிச்சுத் தரட்டா?” என்று கேட்பார்கள். இவற்றைப் பாவிக்கும் இன்னொருவரை இந்த ஊரில் நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஹைக்கூவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஆசைப்பட்டது முதலில் அதைத்தான். பீஓஎஸ் என்று 90களில் ஓர் இயங்குதளம் இருந்தது. அதைச் செய்த நிறுவனத்தின் சொத்துகளை 2001இல் பாம் என்ற நிறுவனம் வாங்கியது. அதே ஆண்டில், பீஓஎஸ் சாகக்கூடாது என்று நினைத்தவர்கள் அதைத் திரும்ப எழுதத் தொடங்கினார்கள். 2004இல் அதற்கு ஹைக்கூ என்று பெயர் வைத்தார்கள். பீஓஎஸ்ஸின் உலாவி, பக்கம் திறக்காவிட்டால் பிழைச் செய்தியை ஒரு ஹைக்கூக் கவிதையாகத்தான் காட்டுமாம். பிழைச் செய்தியில் கவிதை எழுதியவர்களின் வாரிசு என்பதாலேயே எனக்கு அதில் ஒரு பாசம்.

பாசத்துக்கு அப்பாலும் காரணம் உண்டு. ஒரு செயலி விழுந்தால் ஹைக்கூ பேசாமல் இருந்துவிடாது. ஒரு பெட்டி வந்து, பிழைதிருத்தியில் திறக்கவா, அறிக்கையாகச் சேமிக்கவா என்று கேட்கும். அறிக்கை என்றால், எந்த வரியில் எந்தச் சார்புக்குள் விழுந்தது என்ற விவரம் முகப்புத் திரையில் ஒரு பைலாக வந்து உட்காரும். ஒரு முறை புதுப்பித்த பிறகு வைஃபை சேரவே இல்லை. தொடங்கும்போது ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்தால் ஒரு பட்டியல் வரும், அதில் புதுப்பிப்புக்கு முந்தைய நிலையைத் தெரிவு செய்யலாம். செய்தேன், பழையபடி வேலை செய்தது. ஒரு கட்டளையும் தட்டவில்லை. இந்த வசதிக்கு ஈடாக ஓபன்பிஎஸ்டியில் ஒன்றுமில்லை.

சறுக்கியது நிரல் எழுதும் இடத்தில். ஹைக்கூவில் சாளரம், பொத்தான் எல்லாவற்றுக்கும் சி++ வகுப்புகள், அதாவது எடுத்துப் பாவிக்க ஆயத்தமான நிரல் துண்டுகள், இருக்கின்றன. அவற்றை விளக்கும் பீ புக் ஒரு நல்ல நூல், இறக்கி வைத்துக்கொண்டு இணையமில்லாமலும் படிக்கலாம். மருமகன் அதைப் பார்த்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் இடம், அகலம், உயரம் எண்ணாகக் கொடுத்து ஒரு சின்னக் கணக்குப் புத்தகச் செயலி எழுதினான். எழுத்தின் அளவை ஒரு படி கூட்டினேன். பொத்தானில் இருந்த சொற்கள் பாதியில் வெட்டுப்பட்டன.

அவன் பிழையா என்றால் இல்லை. நூல் விளக்குவது பீஓஎஸ்ஸை. பொத்தான்களைத் தானாக ஒழுங்குபடுத்தும் முறையை ஹைக்கூக்காரர்கள் பின்னால் சேர்த்தார்கள். அதைப் பீ புக்கில் சேர்க்கவும் வழியில்லை, ஏனென்றால் அதன் உரிமை வேறொரு நிறுவனத்திடம் இருக்கிறது. அவர்கள் பெருந்தன்மையாகப் பகிர அனுமதி கொடுத்தார்கள், ஆனால் திருத்தி வெளியிட அனுமதி இல்லை. ஆகவே ஹைக்கூ தனக்கென்று இன்னொரு நூலை முதலிலிருந்து எழுதிவருகிறது, அதில் சில அத்தியாயம் நிறைந்திருக்கும், சிலது வகுப்பின் பெயரோடு நிற்கும். மிச்சத்துக்கு மூல நிரலைத் திறந்து படிக்க வேண்டும். எனக்கு அது பிடிக்கும். படிக்கிற பையனுக்கு, நாளைக்கு ஒப்படை கொடுக்க இருக்கும்போது, பிடிக்காது.

ஓபன்பிஎஸ்டி 1995இல் நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்திலிருந்து பிரிந்தது. நிறுவி முடிந்ததும் ஒரு கறுப்புத் திரை, பார்க்க ஒரு கவர்ச்சியும் இல்லை. ஆனால் அந்த டிஸ்க்கிலேயே முழுக் கைநூலும் இருக்கிறது. ‘மேன்’ என்று தட்டி, ஒரு கட்டளையின் பெயரையோ, அமைப்புக் கோப்பின் பெயரையோ, சி சார்பின் பெயரையோ, ஒரு வன்பொருள் டிரைவரின் பெயரையோ கொடுத்தால் அதற்கான பக்கம் வரும். பெயர் தெரியாவிட்டால் ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடலாம். லினக்ஸிலும் இது இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் இங்கே கைநூலில் பிழை என்றால் அது நிரலில் பிழை இருப்பதற்குச் சமம். நிரலை மாற்றுகிறவர் பக்கத்தையும் சேர்த்து மாற்றுவார். ஆகவே என் டிஸ்க்கில் உள்ள பக்கம், என் டிஸ்க்கில் உள்ள அதே பதிப்பைத்தான் பேசும். இணையத்தில் தேடினால் வரும் பத்து வருடப் பழைய பதிலைப் பார்த்து வழி தவறுவது இதில் குறைவு.

இதை நான் சரியாக உணர்ந்தது 2025 பெப்ரவரி 9ஆம் திகதி. ஒரு குரங்கு உபமின்நிலையத்துக்குள் புகுந்து நாடு முழுக்கக் கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை. நான் மீன் வாங்கப் போயிருந்தேன், லப்டொப் மேசையில் ஓடிக்கொண்டிருந்தது, பற்றறி தன் கால் மணித்தியாலத்தை முடித்துக்கொண்டு செத்துவிட்டது. கரண்ட் வந்த பிறகு போட்டால், டிஸ்க்கைச் சோதித்துக்கொண்டே இருந்தது, பிறகு ஓர் ஆங்கில வரியோடு நின்றது: கோப்பு முறைமையின் தானியங்கிச் சோதனை தோல்வி, ஹெல்ப்!

“மாமா, நாங்கள் உதவி கேட்கலாம் என்று பார்த்தால் இதுவே உதவிக்குக் கூப்பிடுது” என்றான் மருமகன்.

ஓபன்பிஎஸ்டியின் பெரிய பலவீனம் இது, ஒளிக்க ஒன்றுமில்லை. டிஸ்க்கில் பைல்களை ஒழுங்காக வைக்கும் அதன் கோப்பு முறைமைக்கு ஜேர்னலிங், அதாவது செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி, இல்லை. திடீரென்று நின்றால் அடுத்த முறை டிஸ்க் முழுவதையும் தடவிப் பார்க்கும், என் டிஸ்க்குக்கு 20 நிமிடமளவில் எடுக்கும், சில நேரம் இப்படி நடுவில் நின்றுவிடும். ஹைக்கூவில் ஜேர்னலிங் இருக்கிறது, எத்தனையோ தடவை கரண்ட் போய் வந்தும் ஒன்றும் நடக்காததுபோல எழும்பியது. இந்த ஊரில், அதுவும் மாரி மழைக் காலத்தில், இது சின்ன வித்தியாசம் இல்லை.

அன்று போனில் சிக்னல் ஒரு கோடுதான். தேட வழியில்லை. கைநூல் இருப்பதோ ‘யூஎஸ்ஆர்’ பகுதியில், அது இன்னும் பூட்டிக் கிடக்கிறது. நல்லகாலம், நிறுவும்போதே ஓபன்பிஎஸ்டி டிஸ்க்கைப் பல பகுதிகளாகப் பிரித்துவிடும். சோதிக்கும் ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையை முதலில் அந்தப் பகுதிக்கு மட்டும் ஓட்டி, அதைப் பாவிக்கத் திறந்து, பிறகு அந்தக் கட்டளைக்கே உரிய பக்கத்தைத் திறந்து ஆறுதலாக வாசித்தேன். எந்தக் கேள்விக்கு ஆம் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்த பிறகுதான் எங்கள் பைல்கள் இருந்த பகுதியில் கை வைத்தேன். மருமகனின் ஒப்படை, மீட்ட பைல்களைப் போட்டு வைக்கும் ‘லாஸ்ட் பவுண்ட்’ அடைவுக்குள் வெறும் இலக்கத்தைப் பெயராகப் போட்டுக்கொண்டு கிடந்தது. திறந்து பார்த்தோம், முழுதாக இருந்தது.

அதோடு விடவில்லை. ‘பவர்’ என்ற சொல்லைக் கொடுத்துக் கைநூலைத் தேடியபோது ‘ஏபிஎம்டி’ வந்தது, பின்னணியில் இருந்து மின்சாரத்தைக் கவனிக்கும் நிரல். அதன் பக்கத்தில் பெரிய இசட் என்று ஒரு தெரிவு: கரண்ட் இல்லாமல், பற்றறி நாம் சொல்லும் சதவீதத்துக்குக் கீழே போனால், நினைவகத்தில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு இயந்திரத்தை நிறுத்திவிடும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். சிறிய இசட் என்றால் வெறும் தூக்கம். பெரிய இசட்டுக்கு 15 என்று போட்டேன்.

அடுத்த நாட்களில் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு இருந்ததால் சோதனைக்குக் காத்திருக்கத் தேவைப்படவில்லை. திங்கட்கிழமை வேலை செய்யவில்லை, திரும்பவும் அதே 20 நிமிடம். மறுபடியும் அதே பக்கம். இந்த முறை கீழே வரைக்கும் படித்தேன்: அது இயல்பாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் பற்றறியைப் பார்க்குமாம். நல்ல பற்றறிக்கு அது போதும். என்னுடையது பத்து நிமிடத்துக்குள் 30இலிருந்து பூச்சியத்துக்கு விழுந்துவிடும். பார்க்கும் இடைவெளியை 60 செக்கனாக்கினேன். செவ்வாய் மின்வெட்டில் ஒன்றரை நிமிடம் டிஸ்க் கரகரத்து, தானாக அணைந்தது. இரவு திறந்தபோது, பாதியில் விட்ட வரியில் துடிப்பி அப்படியே துடித்துக்கொண்டிருந்தது. ஒரு பலவீனத்தை அதன் கைநூலே ஈடுசெய்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஹைக்கூவில் இந்தத் தூக்கம், நிறுத்தி எழுதுதல் எதுவும் இன்னும் இல்லை.

நிரல் எழுதும்போதும் இதே குணம்தான். நிரல் இயங்குதளத்திடம் விடுக்கும் அழைப்புகளில் ‘பிளெட்ஜ்’ என்று ஒன்று இருக்கிறது, இனிமேல் இன்னின்னதைத்தான் செய்வேன் என்று நிரல் கொடுக்கும் வாக்குறுதி. மருமகன், திரையில் எழுதுவேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வரியில் ஒரு பைலைத் திறந்தான். இயங்குதளத்தின் மையமான கேர்னல் அந்த இடத்திலேயே நிரலைக் கொன்றது. பதிவேட்டில் பார்த்தால், விடுபட்டது ‘ஆர்பாத்’, அதாவது வாசிக்கும் அனுமதி, மீறியது 5ஆம் இலக்க அழைப்பு என்று எழுதியிருந்தது. 5 என்றால் பைல் திறப்பது. இதைவிடத் தெளிவாக ஒரு வாத்தியார்கூடச் சொல்லமாட்டார். விடுவித்த நினைவகத்தைத் திரும்பத் தொடும் நிரல்களும் இங்கே சீக்கிரம் விழும். அவனுடைய வகுப்பில் லினக்ஸில் ஓடிய ஒன்று இங்கே விழுந்தது, முதலில் இயங்குதளத்தைத்தான் திட்டினான்.

குறைகளும் உண்டு. இன்டெல் வைஃபைக்கான நிலைபொருளை, அதாவது அந்த வன்பொருளுக்குள் ஓடும் சிறு நிரலை, நிறுவலோடு தரமாட்டார்கள், உரிமச் சிக்கல். வைஃபை வேண்டுமென்றால் இணையம் வேண்டும், இணையம் வேண்டுமென்றால் வைஃபை வேண்டும் என்ற நிலை. போனை யூஎஸ்பி வயரில் கொளுவி அதன் டேட்டாவில் இறக்கித்தான் தப்பினேன். ஹைக்கூவில் வைஃபை முதல் நாளே வேலை செய்தது. (வேடிக்கை என்னவென்றால், 2022இல் வந்த ஹைக்கூ பீட்டா 4, சில வைஃபை டிரைவர்களை ஓபன்பிஎஸ்டியிடமிருந்தே எடுத்துக்கொண்டது.) புளூடூத்தை ஓபன்பிஎஸ்டி 2014இலேயே தூக்கிவிட்டது, பாட்டுக் கேட்க வயர்தான். ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு, கடைசி இரண்டுக்கு மட்டுமே திருத்தங்கள், ஆகவே வருடக்கணக்கில் தொடாமல் விட முடியாது. ஒரே கட்டளையில் மேம்படுத்தலாம், டேட்டாதான் போகும்.

தமிழ் விஷயத்தில் இரண்டும் அரைகுறை. ஓபன்பிஎஸ்டியில் ஃபயர்பொக்ஸுக்குள் தமிழ் அழகாக வரும், கட்டளை தட்டும் முனையத் திரையில் கொம்பும் காலும் இடம் மாறும். ஹைக்கூவில் அதன் சொந்தச் செயலிகளிலேயே அப்படித்தான் கண்டேன். கைநூல் முழுக்க ஆங்கிலம் என்பதும் உண்மை. ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அமைப்பு: பெயர், எழுதும் விதம், விளக்கம், உதாரணம், இன்னும் பார்க்க. நாலு பக்கம் படித்த பிறகு ஐந்தாவதில் எங்கே பார்ப்பதென்று மருமகனுக்கே தெரிந்துவிட்டது.

ஃப்ரீபிஎஸ்டியைப் பற்றி இவ்வளவுதான்: கரண்ட் பிரச்சினைக்கு அதில் இசட்எஃப்எஸ் என்ற, கரண்ட் போனாலும் குலையாத கோப்பு முறைமை இருக்கிறது, கைநூலும் தடிப்பானது. டிஸ்க் பயம்தான் உங்கள் முதல் கவலை என்றால் அதையும் போட்டுப் பாருங்கள். என் இரண்டு கிழமையில் பெரும்பகுதி திரை அமைப்பிலேயே போய்விட்டது, அது என் பிழையாகவும் இருக்கலாம்.

மருமகன் இன்னும் ஹைக்கூவை விடவில்லை. பென்டிரைவைச் சொருகி அந்தக் கணக்குப் புத்தகத்தைப் புதிய முறையில் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறான், பொத்தான்கள் இப்போது வெட்டுப்படுவதில்லை. நான் புதிய பற்றறி தேடுகிறேன். கடையில் இருக்கும் ஒன்று எத்தனை வருடம் பெட்டிக்குள் இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. அதுவரைக்கும் 15ஐ 25 ஆக்கி வைத்திருக்கிறேன்.