கடைமடை உப்புத் தண்ணீருக்கு 75 ஜி.பி.டி. மெம்ப்ரேன் தாங்குமா?

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஆர்.ஓ. (குடிநீர் சுத்திகரிப்பு மெஷின்) கடைகளில் கேட்டதும் எடுத்து நீட்டுவது 75 ஜி.பி.டி. (நாளைக்கு 75 கேலன்) மெம்ப்ரேன்தான், அதாவது உப்பை வடிக்கும் சவ்வுச் சுருள். சரக்கில் குறையில்லை, கணக்கில்தான் இடிக்கிறது. நாளைக்கு 284 லிட்டர் என்பது 250 டி.டி.எஸ். (லிட்டருக்கு 250 மி.கி. கரைந்த உப்பு) தண்ணீர், 50 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு) அழுத்தம், 25 டிகிரி என்று வைத்துப் போட்ட கணக்கு. கடைமடை போரில் 250-க்கு எங்கே போவது? ஒவ்வொரு 100 டி.டி.எஸ்.ஸுக்கும் சுமார் 1 பி.எஸ்.ஐ. பம்பின் அழுத்தத்தை எதிர்த்து நிற்கும். 2000 என்றால் 20 அதிலேயே போய்விடும். பம்ப் 70, 80 தருகிறதா என்று கேஜ் மாட்டிப் பார்த்துவிட்டு மெம்ப்ரேனைத் திட்டலாம். உப்பு 2000-ஐத் தாண்டினால் இந்த வீட்டு மெஷினே வேண்டாம்.

சுருளுக்குள் பாலியெஸ்டர் துணி, அதன்மேல் பாலிசல்ஃபோன், அதற்கும் மேல் 0.2 மைக்ரான்கூட வராத பாலிஅமைடு படலம். உப்பைத் தடுப்பது அந்தப் படலம் ஒன்றுதான். ஆய்வாளர்கள் லோபும் சௌரிராஜனும் ஆர்.ஓ. மெம்ப்ரேனைப் பயன்படும்படி முதலில் செய்தது செல்லுலோஸ் அசிடேட்டில். பாலிஅமைடைக் கொண்டுவந்தவர் ஜான் கடாட், காப்புரிமை 1981-ல். குறைந்த அழுத்தத்தில் நிறையத் தண்ணீர் விடும், ஆனால் பழையது ஓரளவு பொறுத்த குளோரின் இதற்கு ஆகவே ஆகாது. குளோரின் கலந்த கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வருகிற வீட்டில், குளோரினைப் பிடிக்கும் கார்பன் ஃபில்டரை மாற்றாமல் தள்ளிப்போட்டால் மெம்ப்ரேன் காலி.

எதனால் கெட்டது என்பதைத் தண்ணீரே சொல்லும். வடிந்து வரும் தண்ணீரின் வரத்தும் கூடி டி.டி.எஸ்.ஸும் ஏறினால் குளோரின் வேலை. வரத்து மட்டும் சுருங்கினால் இரும்புக் கறையோ சுண்ணாம்போ அடைத்திருக்கிறது. 2 சதவீத சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து அலசினால் பெரும்பாலும் மீளும். கழிவைக் குறைக்கிறேன் என்று 450 ரெஸ்ட்ரிக்டரை (கழிவு நீரை நிமிடத்துக்கு 450 மி.லி. அளவில் மட்டுப்படுத்தும் துண்டு) கழற்றி 300 போடுகிற மெக்கானிக்கை வீட்டுப் பக்கமே சேர்க்காதீர்கள். கழிவு குறைந்தால் உள்ளே உப்பு செறிந்து, போர் தண்ணீரில் சுண்ணாம்பு சீக்கிரம் கட்டும். உள்ளே 1800, வெளியே 100-க்குள் என்றால் மெம்ப்ரேன் நன்றாக இருக்கிறது. ருசிக்காக டி.டி.எஸ். கன்ட்ரோலரைத் திறந்துவிடுவது மெம்ப்ரேன் வழியே போகாத போர் தண்ணீரையே டம்ளரில் கலப்பதுதான்; மூடியே வையுங்கள்.

மாட்டும்போது இரட்டை ஓ-ரிங் உள்ள முனை முதலில் உள்ளே போக வேண்டும். வாசலின் தடவினால் ரப்பர் உப்பிவிடும், கிளிசரின் போதும். முதல் டேங்க் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.