கரையேற்றுவதா, கடலில் ஓட்டுவதா? பழைய மரப்படகுக்கு இரண்டு வழி

துறையில் சும்மா கிடக்கும் பழைய மரப்படகை ஊரார் பார்க்க வைக்க வேண்டுமென்றால், கரையேற்றி அருங்காட்சியகம் ஆக்கலாம். அல்லது திருத்தி, ஆட்களை ஏற்றிக் கடலில் ஓட்டலாம். 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போன அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டது. அந்தக் கைத்திறனைக் காட்ட எது நல்லது என்று கேட்டால், என் தெரிவு கடல்தான்.

கரையில் வைத்தால் முதியோரும் சிறுவரும் பயமின்றி ஏறுவார்கள், காற்றுக்காலம் பார்க்கத் தேவையில்லை. அதில் விவாதம் இல்லை. ஆனால் மரம் என்ன சொல்கிறது?

வெயிலில் பலகை சுருங்கும், பொருத்துகள் விரியும், பலகை இடுக்கில் நீர் புகாமல் அடைக்கும் கலப்பத்துப் பஞ்சு தளரும். பிறகு ஐப்பசி மழை உள்ளே இறங்கி அடியில் தேங்கும். பழைய படகைக் கொல்வது இந்த நல்ல தண்ணீர்தான். உப்புநீர் உக்கலைத் தடுக்கும், மழைநீர் வளர்க்கும். தளத்தைக் கடல்நீரால் கழுவும் வழக்கம் அதனால்தான் வந்தது. தகரக் கூரை போட்டால் கீழே சூளை மாதிரிக் காயும். கிடுகுக் கூரையும் காற்றோட்டமும் மேல். பாரம் இன்னொரு கரைச்சல்: கடல் படகை எங்கும் ஒரேயளவாகத் தாங்கும், கரையில் நாலு முட்டுக்கட்டை மட்டுமே தாங்கும். ஆண்டுகள் போக உடல் தொய்ந்துவிடும். பம்பாயில் தேக்கால் 1817இல் கட்டி, திருகோணமலையின் பெயரைச் சூட்டிய போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதந்தபடியேதான் அருங்காட்சியகமாக நிற்கிறது. 1797இல் இறக்கிய அமெரிக்காவின் கொன்ஸ்ரிற்யூசன் போர்க்கப்பலை இப்போதும் இடையிடையே பொஸ்டன் துறைமுகத்துக்குள் கொண்டுபோய்த் திருப்பி வருகிறார்கள்.

கடலிலும் எதிரி உண்டு: மரம் துளைக்கும் கடற்புழு. பெயர்தான் புழு, இனம் மட்டி. ஊசித்துளையால் குஞ்சாக நுழைந்து உள்ளேயே வளரும். வெளிப்பலகை நல்லதாகவே தெரியும். சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும், மந்தமாக ஒலிக்கும் இடம் சந்தேகம். எங்கள் கரையில் வற்றுப்பெருக்கு ஓரிரு அடிதான். வற்றில் அடிப்பக்கம் பார்க்க வழியில்லை, இழுத்தே ஏற்ற வேண்டும். ஆவணி, புரட்டாதி உலர்ந்த நாட்களில் ஏற்றி, சிப்பி சுரண்டி, கலப்பத்துப் பார்த்து, அடிப்பூச்சுப் பூசி, மூன்று கிழமைக்குள் திரும்ப இறக்குங்கள். காய்ந்த பலகைக்குள் பஞ்சை இறுக்கி அடித்தால், மரம் ஊறி வீங்கும்போது ஆணியையே பிடுங்கிவிடும். இறக்கிய முதல் இரண்டு நாள் ஒழுக்கு இருக்கும். பம்பை ஓடவிடுங்கள், ஆட்களை ஏற்றாதீர்கள். மாரியில் தளத்தின்மேல் படங்கு கட்டுங்கள், ஆனால் ஓரங்களைத் திறந்து விடுங்கள்.

வங்கில், அதாவது படகின் விலா மரத்தில், கத்தி நுனி சுலபமாக இறங்கினால் கதை வேறு. அந்தப் படகுக்குக் கரைதான், கிடுகின் கீழ், அடிப்பலகையில் நீர் வடிய ஓட்டை விட்டு.