பெயர் சூட்டுவதா, உறவைக் காட்டி நிறுத்துவதா?

சங்ககாலச் சோழ மன்னன் கோப்பெருஞ்சோழன், அவன் நண்பரான புலவர் பிசிராந்தையார் ஆகியோர் கதையை மேடையேற்றவிருக்கும் பாளையங்கோட்டை இளைஞர்கள் இருவர், அவ்விருவரையும் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லலாமா என்பதில் பிளவுபட்டு என்னிடம் வந்தார்கள்.

சான்று: பெயர் சூட்டுவதற்கு ஆவணம் வேண்டும். பிரிட்டன் கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1952இல் தன்பாலுறவுக்காகவே தண்டிக்கப்பட்டவர் என்பதால், அவர் கதையில் அந்தச் சொல்லைத் தவிர்ப்பதுதான் பொய். பிசிராந்தையாருக்கோ புறநானூற்றுப் பாடல்களே ஆதாரம். சோழனின் அவைப் புலவர் பொத்தியார் அவ்வுறவை நட்பு என்றே குறிக்கிறார்.

காலம்: ‘ஹோமோசெக்சுவல்’ என்ற சொல்லே 1869இல்தான் அச்சேறியது. சங்ககால மனிதர்மேல் அதை ஒட்டினால் அது நம் காலத்தின் சட்டையாகிவிடும். ஒட்டாவிட்டால் அவர்கள் காலம் அப்படியே நிற்கும்.

உழைப்பு: பெயரைச் சொல்ல ஒரு வசனம் போதும். உறவைக் காட்டவோ, வடக்கிருக்கும் (உண்ணாநோன்பிருந்து உயிர்விடும்) சோழன் தன்னருகே காலியாக விட்டுவைத்த இடத்தையும், நேரில் ஒருமுறையும் பார்த்திராத நண்பன் வருவான் என்று அவன் சொல்வதை நம்பாத சான்றோர் முகங்களையும் நடிப்பில் கொண்டுவர வேண்டும். கொடை விழாவில் வில்லிசைப் புலவர் வில்லைத் தட்டும் வீசுகோலை நிறுத்திவிட்டு உடுக்கையை மட்டும் பேசவிடும் நொடி போன்றது அது. எனக்குப் பிடித்தது அதுவே.

பயன்: தன்பாலுறவு குற்றமல்ல என்ற உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்புக்குப் பிறகும் வீட்டில் வாய் திறக்க முடியாத பிள்ளைக்கு, வரலாற்றில் தன்னைப் போல் ஒருவர் இருந்தார் என்பது பெரிய துணை. மௌனத்தால் அந்தத் துணை கிடைக்காது.

ஆகவே டூரிங் போன்றோர் கதைக்குப் பெயர் பொருந்தும். பிசிராந்தையாருக்கு அந்தக் காலி இடமே போதும்.