சீகுவார் புளூ லேபிள்: 25 கெஜத்தில் எத்தனை லீடர் வெட்டலாம்?

கப்பலில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் போன ஆண்டு விடுமுறையில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு சின்னச் சுருள்களை என் கையில் வைத்தான். இரண்டுமே சீகுவார் புளூ லேபிள் ஃபுளூரோகார்பன் லீடர். லீடர் என்றால் தூண்டில் நூலின் நுனியில், முள்ளுக்கு முன்னால் கட்டும் நரம்பு; ஃபுளூரோகார்பன் அது செய்யப்பட்ட பிளாஸ்டிக். ஒன்று 30 பவுண்டு இழுவை தாங்குவது, இன்னொன்று 50 பவுண்டு. "மாமா, இதைக் கட்டிப் பாருங்க, அப்புறம் நைலான் பக்கமே போகமாட்டீங்க" என்றான். காசு வேண்டாம் என்றவனின் சட்டைப் பையில் நானே திணித்தேன். ஓசியில் வந்த பொருளைப் பற்றி மனசாட்சியோடு எழுத வராது.

ஓராண்டாக இரண்டையும் உம்கேனி ஆற்றின் கழிமுகமான புளூ லகூனிலும் டர்பனுக்கு வடக்கே சால்ட் ராக் பாறைகளிலும் போட்டு அடித்துவிட்டேன். 50 பவுண்டு சுருள் இரண்டு மாதத்தில் தீர்ந்துவிட்டது. 30 பவுண்டில் இன்னும் மிச்சம் இருக்கிறது. இரண்டும் ஒரே சரக்கு, ஒரே தரம். எவ்வளவு நீளம் வெட்டினேன் என்பதில்தான் வித்தியாசம்.

நைலானிலிருந்து பிரெய்டு என்ற பின்னல் நூலுக்கு மாறியிருக்கும் நம் பையன்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். பிரெய்டு மெல்லியது, பலமானது, ஏறக்குறைய நீளவே நீளாது. 80 மீட்டருக்கு அப்பால் மீன் மூக்கால் தொட்டாலும் விரலில் தெரியும். ஆனால் அது பாறையையும் மட்டியையும் தாங்காது. பல மெல்லிய இழைகளைப் பின்னிய நூல் அது, ஒவ்வோர் இழையாக அறுந்து போய்விடும். தண்ணீரில் மிதக்கும், தெளிந்த நீரில் கோடு போட்டதுபோலத் தெரியும். அதனால்தான் நுனியில் வேறு நரம்பு கட்டுகிறோம். அதன் நீளம் என்ன என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். கேட்டவன் எந்தக் கம்பு வைத்திருக்கிறான், எங்கே நிற்கிறான், எத்தனை அவுன்ஸ் வீசப்போகிறான் என்று திருப்பிக் கேட்பவர்கள் குறைவு.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பிரெய்டு வாங்கிய முதல் வருஷம், ஒரு கடையில் கவுண்டரில் இருந்தவர் "2 மீட்டர் லீடர் போதும்" என்றார். படகிலிருந்து நேராகக் கீழே இறக்குகிறவனுக்கு அது போதும்தான். நான் புளூ லகூனில் 13 அடிக் கம்பில் 5 அவுன்ஸ் ஈயக்குண்டைத் தலைக்கு மேல் சுழற்றி வீசுகிறவன். 2 மீட்டர் லீடரென்றால் முடிச்சு கம்பின் நுனிக்குச் சற்று உள்ளே நிற்கும், விரல் பிடித்திருப்பது பிரெய்டை. மூன்றாவது வீச்சில் துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். பிரெய்டு என் ஆள்காட்டி விரலைக் கிழித்துக்கொண்டு அறுந்தது, குண்டு பக்கவாட்டில் பறந்தது. இருபது அடி தள்ளி ஒரு பையன் தன் அப்பாவோடு நின்றிருந்தான். அவன் தலைக்கு மேலாகப் போய்க் கடலில் விழுந்தது. 5 அவுன்ஸ் என்றால் 140 கிராம் ஈயம். அன்று சாயங்காலம் வரை எனக்குக் கை நடுங்கியது. விரலில் போட்ட தையலைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அந்தப் பையனைப் பற்றி மட்டும் வீட்டில் சொன்னேன்.

அன்றிலிருந்து கனமான குண்டு வீசும் கம்புக்கு என் கணக்கு இதுதான். ஒவ்வோர் அவுன்ஸ் குண்டுக்கும் 10 பவுண்டு லீடர் என்பது பொதுவான விதி, ஆக 5 அவுன்ஸுக்கு 50 பவுண்டு. நீளத்துக்குக் கம்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வீசுவதற்காகக் குண்டைத் தொங்கவிடும் நீளம் எனக்கு 1.3 மீட்டர். கம்பின் நுனியிலிருந்து ரீல் வரை 3.2 மீட்டர். கிரைண்டர் ரீலின் ஸ்பூலில் 5 சுற்று, அதற்கு ஒரு மீட்டரும் கொஞ்சமும். கூட்டினால் 5.6. விரல் பிடிப்பது லீடரை, வீச்சின் அடியைத் தாங்குவதும் லீடர். அப்புறம் ஒவ்வொரு தடவையும் நுனி தேய்ந்து வெட்டுவோமே, அதற்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் கூடுதலாக விட்டால் 6.5 மீட்டர். ஸ்பூலில் சுற்று மூன்றுக்குக் கீழே வந்துவிட்டால் கஞ்சத்தனம் பார்க்காமல் புதிதாகக் கட்டிவிடுகிறேன்.

இப்போது சுருளுக்கு வருவோம். புளூ லேபிள் 25 கெஜச் சுருளாக வருகிறது, மீட்டரில் 22.8. அதை 6.5ஆல் வகுத்தால் மூன்று லீடர், அப்புறம் எதற்கும் போதாத மூன்று மீட்டர் சொச்சம். அந்த விலைக்கு மூன்றே மூன்று. இரண்டு மாதத்தில் தீர்ந்ததற்கு அதுதான் காரணம். செலவைக்கூட விட்டுவிடலாம். 50 பவுண்டு தடிமனில் ஃபுளூரோகார்பன், எந்த நிறுவனம் செய்தாலும், விறைப்பாகத்தான் இருக்கும். ஸ்பூலில் சுற்றிய வளைவு அப்படியே நிற்கும், முடிச்சை இறுக்கவும் மல்லுக்கட்ட வேண்டும். குண்டு வீச்சுக்கு வேண்டியது அடி தாங்குவதும் உராய்வு தாங்குவதும். அதற்கு எந்தத் தூண்டில் கடையிலும் கிடைக்கும் தடித்த நைலான் ஷாக் லீடரே தாராளமாகப் போதும். பெரிய சுருளாக வாங்கலாம், நீளத்தில் கை தாராளமாக இருக்கும். அதிலும் கோடை மழைக்குப் பிறகு உம்கேனி ஆறு கலங்கி இறங்கி, கழிமுகமே பால் விட்ட தேநீர்போல இருக்கும் நாளில் கண்ணுக்குத் தெரியாத நரம்புக்கு அங்கே என்ன வேலை?

ஆகவே 50 பவுண்டு சுருளை மறுபடி வாங்கமாட்டேன். பொருள் நல்லது, என் வேலைக்குப் பொருந்தவில்லை.

30 பவுண்டின் கதை வேறு. குளிர்காலம் வந்து மழை நின்று, சால்ட் ராக்கில் தண்ணீர் தெளிந்து, பாறையின் அடிவரை தெரியும். ஷாட் என்ற சின்ன மீன்களின் கூட்டத்தின் பின்னால் அவற்றைத் தின்னும் கேரிக் என்ற பெரிய மீன் வரும் காலம் அது. 10 அடிக் கம்பில் ஸ்பூன் என்ற உலோகத் தகட்டு இரையோ, பிளக் என்ற மேலே மிதக்கும் போலி மீனோ போட்டு வீசி இழுப்பேன். இங்கேதான் ஃபுளூரோகார்பன் வாங்கிய காசுக்குப் பேசுகிறது. ஒளியை வளைப்பதில் தண்ணீரின் எண் 1.33, ஃபுளூரோகார்பன் 1.42, நைலான் 1.5க்கும் மேல். தண்ணீருக்கு நெருங்கிய எண் என்பதால் மீனின் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. அடர்த்தி 1.78, அதனால் நன்றாக மூழ்கும். நைலான்போலத் தண்ணீரைக் குடித்துப் பலம் இழப்பதில்லை, வெயிலிலும் சீக்கிரம் கெடுவதில்லை. இந்த வகை நரம்பை 1971இல் முதலில் செய்து விற்றவர்களும் சீகுவாரின் தாய் நிறுவனமான குரேஹாதான். புளூ லேபிளில் இரண்டு விதப் பிசினை அடுக்காகச் சேர்க்கிறார்கள், அதனால் முடிச்சு நன்றாகப் பிடிக்கிறது. என் அனுபவத்தில் ஓராண்டில் ஒரு முடிச்சும் நழுவவில்லை. இறுக்கும் முன் எச்சிலால் நனைக்கிறேன், உலர்ந்தபடி இழுத்தால் சூட்டில் பலம் போய்விடும்.

நீளத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். முதலில் 70 செ.மீ. முடிச்சு கம்பின் நுனிக்கு வெளியே நிற்கும், வீச்சு அவ்வளவு சுகம், எந்த வளையத்திலும் தட்டாது. மிதக்கும் பிளக்குக்கு இதுவே எனக்குப் பிடித்த நீளம். கனமான நரம்பு நீளமாகத் தொங்கினால் பிளக்கின் மூக்கைக் கீழே இழுத்துவிடும். ஸ்பூனுக்கு 1.5 மீட்டர். முடிச்சு உள்ளே வரும், ஆனால் எஃப்.ஜி. முடிச்சுப் போட்டால் வளையங்களில் மெல்லிய உரசல் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. அந்த முடிச்சில் லீடர் மடிவதே கிடையாது. பிரெய்டு அதன்மேல் இருபது தடவை பின்னி இறுகுகிறது, அவ்வளவுதான். கற்றுக்கொள்ள எனக்கு ஒரு அக்டோபர், நவம்பர் பிடித்தது. அந்த இரண்டு மாதமும் ஷாட் பிடிக்கத் தடை, ஆகவே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கட்டிப் பழகினேன். இரட்டை யூனி முடிச்சு சுலபம், ஆனால் பருமன் அதிகம். அதைப் போடுகிறவர் முடிச்சை நுனிக்கு வெளியே வைக்கும் குட்டை லீடரோடு நிற்பது நல்லது.

1.5 மீட்டரில் சந்தோஷமாக இருந்தேன், ஜூலையில் ஒரு நல்ல கேரிக் வரும் வரை. இருபது நிமிஷம் மல்லுக்கட்டி, பாறை விளிம்பு வரை கொண்டுவந்துவிட்டேன். மட்டி அப்பிய அந்த விளிம்பின் மேல் அலையோடு ஏற்ற வேண்டும். அலை பின்வாங்கிய நேரத்தில் மீன் கீழே சரிந்தது, லீடருக்கு மேலே இருந்த பிரெய்டு மட்டியின் ஓட்டில் உட்கார்ந்தது. ஒரு நொடிகூட ஆகவில்லை. லீடர் முழுசாக, முடிச்சு முழுசாக, ஸ்பூனோடு மீனின் வாயில் போய்விட்டது. தப்பிய மீனைவிட, வாயில் இரும்போடு அலையும் மீனை நினைத்துத்தான் எனக்கு அதிக வருத்தம்.

வீட்டுக்கு வந்து அளந்து யோசித்தேன். பாறையில் நிற்கிறவனுக்கு லீடரின் நீளம் கரைக்கு வரும் கடைசி நிமிஷத்தில்தான் முடிவாகிறது. மீன் விளிம்பில் இருக்கும்போது கம்பின் நுனிக்கும் மீனுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, அவ்வளவுக்குக் குறையாமல் லீடர் வேண்டும். நான் நிற்கும் இடத்தில் அது ஏறக்குறைய 3 மீட்டர். பாறையைத் தொடக்கூடிய நீளம் முழுக்க லீடராக இருக்கும், பிரெய்டு கம்புக்குள் பத்திரமாக இருக்கும். அடுத்த வாரம் 3 மீட்டர் கட்டினேன். ஆகஸ்டில் 82 செ.மீ. கேரிக் ஒன்று அதே விளிம்பில் ஏறி வந்தது. லீடரைத் தடவிப் பார்த்தால் ஓர் அடி நீளத்துக்கு மேல்தோல் சொரசொரவென்று இருந்தது, ஆனாலும் தாங்கியிருந்தது. அந்தப் பகுதியை வெட்டிப் போட்டுவிட்டு மீண்டும் கட்டினேன். கேரிக்கில் நாளுக்கு இரண்டு, 70 செ.மீ.க்குக் குறையாமல் என்பது விதி. எனக்கு ஒன்று போதும், ஆயா சொல்லிக்கொடுத்த புளிக்குழம்புக்கு அது மூன்று வேளை வரும்.

ஷாட் பிடிக்கிறவர்கள் ஏமாறக்கூடாது என்பதற்காக ஒன்று. எவ்வளவு நல்ல ஃபுளூரோகார்பனாக இருந்தாலும் ஷாட்டின் பல் கத்தரிக்கோல். முள்ளுக்கு முன்னால் ஒரு சாண் கம்பி வைக்காமல் 30 பவுண்டை நேராகக் கட்டினால் காசும் போகும், முள்ளும் போகும். நாளுக்கு நாலு மீன், 30 செ.மீ.க்குக் குறையக்கூடாது. இந்த நாலு மீனுக்கு விலை உயர்ந்த லீடர் தேவையே இல்லை, நைலானும் கம்பியும் போதும்.

ஸ்பூன் வீசுகிறவர்கள், பிளக் வீசுகிறவர்கள், தெளிந்த நீரில் கேரிக்கைத் தேடுகிறவர்கள் 30 பவுண்டு புளூ லேபிளைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மணல் கரையில் நின்றால் 1.5 மீட்டராக வெட்டுங்கள், ஒரு சுருளில் பதினைந்து வரும். பாறையில் நின்றால் 3 மீட்டர், ஏழு வரும். சால்ட் ராக்கில் மட்டி கொஞ்சம் அதிகம், ஆகவே அடுத்த தடவை 40 பவுண்டு சுருள் கொண்டுவரச் சொல்லி மருமகனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். கப்பல் மே மாதம் டர்பன் துறைமுகத்துக்கு வருகிறதாம். இருக்கும் சுருளில் 6 மீட்டர் மிச்சம், குளிர்காலத்தின் முதல் இரண்டு காலைகளுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.