எட்டு வருட டோக்கியோ வாசம், தினமும் வயிற்றுக்குள் போனவை

ஜப்பானில் இருக்கிறேன் என்றதும் எல்லோரும் சுஷியைத்தான் கேட்கிறார்கள். சுஷி எனக்கு மாதத்தில் ஒரு நாள். மற்ற நாளெல்லாம் மதியம் கொன்பினியில், அதாவது இரவு பகலாகத் திறந்திருக்கும் தெருமுனைக் கடையில், வாங்கும் ஒனிகிரிதான்.

சோற்றை முக்கோணமாகப் பிடித்து, நடுவில் ஏதாவது வைத்து, நோரி என்கிற கடற்பாசித் தாளைச் சுற்றினால் ஒனிகிரி. முதலில் அதன் உறையைப் பாராட்ட வேண்டும். நோரி சோற்றில் படாமல் இடையில் ஒரு பிளாஸ்டிக் ஏடு இருக்கும். 1 என்று போட்ட நாடாவை உச்சியிலிருந்து சுற்றிக் கிழித்து, அப்புறம் 2, 3 என்ற மூலைகளைப் பக்கவாட்டில் உருவினால், கடிக்கும்போது நோரி அப்பளம் மாதிரி நொறுங்கும். ஆரம்பத்தில் அவசரப்பட்டு மூலையை முதலில் இழுத்து, பாதி நோரியை உறையோடு குப்பையில் போட்டிருக்கிறேன். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், சோறு விறைத்துப்போகும்; கடையிலேயே 20 டிகிரி வாக்கில்தான் வைக்கிறார்கள். வடக்கே ஹொக்கைடோ தீவுக்குப் போனபோது கடைப்பெண் "சூடாக்கித் தரட்டுமா?" என்று கேட்டதும் விழித்தேன். அங்கே அதுதான் வழக்கமாம்.

டூனா மயோனைஸ் ஒனிகிரி 1983இல் செவன் இலெவன் என்ற கொன்பினி நிறுவனம் கொண்டுவந்தது. எனக்குப் பிடித்தது உமெபோஷி. உமே என்கிற ஜப்பானிய ப்ளம் பழத்தை உப்பில் ஊறவைத்துக் காயவைத்தது, புளிப்பும் உப்பும் மண்டையில் ஏறும். தயிர்சாதத்துக்கு நார்த்தங்காய் கடித்து வளர்ந்த நாக்குக்கு இதைப் பழக்கவே வேண்டியதில்லை.

நத்தோ பழகுவதற்கு எனக்கு இரண்டு வருடம் ஆனது. நொதித்த சோயா, கிண்டக் கிண்ட நூல் விடும், வாடை சாக்ஸ் வாடைதான். கடுகு விழுதும் சாஸும் விட்டு, ஆவி பறக்கும் சோற்றில் போட்டால் இறங்கும். சைவம் என்று நம்பி ஏமாறாதீர்கள், கூடவே வரும் சாஸில் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும்.

தின்பண்டங்களில் எட்டு வருடமும் சலிக்காதது காகி நோ தானே. பெயருக்குப் பொருள் 'சீமைப் பனிச்சை (பெர்சிமன்) விதை'. அந்த வடிவில் சோயா சாஸும் மிளகாயும் தடவிய சிறு அரிசிப் பண்டம், வேர்க்கடலை கலந்து வரும். நீகாதா மாநிலத்து நாகஓகாவில் 1924இல் பிறந்ததாம். நம் மிக்சரின் தூரத்துச் சொந்தம் என்றே வைத்துக்கொள்ளலாம், காரம்தான் பத்தாது. கடலை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் இங்கே பெரிய தகராறு. இதைத் தயாரிக்கும் கமேதா நிறுவனம் 2019இல் நாடு முழுக்க ஓட்டெடுப்பே நடத்தி, 6:4 ஆக இருந்த விகிதத்தை மறுவருடம் 7:3 ஆக்கியது. கடலை குறைந்தது எனக்குச் சந்தோஷம். ஆனாலும் பாக்கெட்டின் அடியில் இன்றும் கடலைதான் மிஞ்சுகிறது, அதை மறுநாள் காலை காபியோடு தீர்க்கிறேன்.